மஞ்சக் கடுதாசியும் மூன்று வருஷக் கெடுவும்

புரோநோட்டைக் கையில் கொடுத்தால் என் சீனியர் வக்கீல் முன்பக்கத்தைப் படிக்க மாட்டார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். முன்பக்கத்தில் என்ன இருக்கும் என்பது தெரிந்ததுதான்: தொகை, நூற்றுக்கு மாதம் இவ்வளவு வட்டி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஒரு கையெழுத்து, எழுதத் தெரியாதவர் என்றால் இடது பெருவிரல் ரேகை. பின்பக்கத்தில் ‘வட்டியில் வரவு ரூபாய் ஐந்து’ என்று ஒரு வரியும் தேதியும் கடன் வாங்கியவரின் கையெழுத்தும் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து கடனுக்கு இன்னும் மூன்று வருஷம் ஆயுள். இல்லாவிட்டால் முன்பக்கத்துத் தேதியிலிருந்து மூன்று வருஷம் முடிந்ததும் அதைக் கொண்டு தாவா போட முடியாது.

கள்ளக்குறிச்சியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தியாகதுருகம், சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று நாலாபக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான். “ஐ.பி. போட்டுடலாமுங்களா, இல்ல நோட்டு காலாவதி ஆகுற வரைக்கும் பொறுத்துக்கலாமுங்களா?” ஐ.பி. என்றால் திவால் மனு. இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக் கதை இருக்கிறது. அதை இந்த ஊர்க்காரனாக எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கெடுவில் தொடங்குகிறேன். பழைய தர்ம சாஸ்திர முறையில் அப்பன் பட்ட கடன் மகனுக்கு வரும், பேரனுக்கும் வரும். வருஷக் கணக்கு பார்த்து அது சாகாது. ஆனால் அதே சாஸ்திரம் வேறொரு இடத்தில் கடன்காரனுக்குத் தடை போட்டது. வட்டி எவ்வளவு ஏறினாலும் அசலுக்கு மேல் போகக் கூடாது என்றது. வெள்ளைக்காரன் கோர்ட்டுகள் இந்த இரண்டாவது விதியைப் பம்பாய் மாகாணத்தில் ஏற்றுக்கொண்டன. சென்னை மாகாணத்து மொபசல் கோர்ட்டுகளில் அது செல்லவில்லை. ஆக, மகன் தலையில் கடன் விழும் வழி மட்டும் நம் பக்கத்தில் நிலைத்தது, வட்டிக்கு இருந்த வரம்பு போய்விட்டது. அந்த மகன் பொறுப்பு சட்டப்படி முடிவுக்கு வந்தது 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான், அதுவும் அதற்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு மட்டும்.

மூன்று வருஷக் கெடு 1859-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தோடு வந்தது. அதன் பிறகு 1871, 1877, 1908, 1963 என்று சட்டம் மாறிக்கொண்டே வந்தாலும் சாதாரணக் கைநோட்டுக்கு மூன்று வருஷம் என்பது அசையவில்லை. கடன்பட்டவனுக்கு எந்தக் காலத்திலோ ஒரு விடுதலை வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். நடந்தது வேறு. மூன்றாம் வருஷம் முடியும் முன்பே கடன் கொடுத்தவர் வந்து நிற்பார். அதுவரைக்கும் ஏறிய வட்டியை அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதச் சொல்வார். மறு மூன்று வருஷம் வட்டிக்கும் சேர்த்து வட்டி. கடனைச் சாகடிக்க வந்த கெடுவே மூன்று வருஷத்துக்கொரு தடவை கடனைக் குட்டி போட வைத்தது. 1875-இல் பூனா, அகமத்நகர் பக்கம் குடியானவர்கள் கடன்காரர் வீடுகளில் புகுந்து பத்திரங்களைத் தேடித் தேடிக் கொளுத்தினார்களே, அந்தக் கலகத்தை விசாரித்தவர்களும் இந்தப் புதுப்பிக்கும் வழக்கத்தைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். நம் தென்னாற்காடு ஜில்லாவில் யாரும் தீ வைக்கவில்லை. நோட்டை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தார்கள்.

தென்னாற்காட்டின் மானாவாரிக் காடுகளில் அப்போது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பரவிக்கொண்டிருந்தது. கப்பல் ஏறும் பயிர் அது. பாண்டிச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு எண்ணெய் ஆட்டப் போனது. கம்பும் வரகும் விதைத்தவன் விதையை வீட்டுக் குதிரிலிருந்து எடுப்பான். மல்லாட்டைக்கு விதைப் பருப்பும் ஆள் கூலியும் கைக்காசாக வேண்டும். ஆடியில் வியாபாரி கொடுப்பார், அறுவடையில் காயாகவே அளந்துகொண்டு போவார். மிச்சம் நின்றால் நோட்டு. 1895-இல் சர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்துக் கிராமக் கடனை 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். அவர் அறிக்கையிலிருந்துதான் கூட்டுறவுக் கடன் சங்கம் என்ற யோசனையே இங்கே முளைத்தது. 1930-இல் பாங்கிங் விசாரணைக் கமிட்டி அதை 150 கோடி என்றது. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை 200 கோடி என்றது. கடைசி ஐந்து வருஷத்தில் யாரும் ஆடம்பரமாகக் கடன் வாங்கவில்லை. உலகமெங்கும் விலை சரிந்ததில் மல்லாட்டையும் நெல்லும் பாதி விலைக்கு வந்தன. நோட்டில் எழுதிய ரூபாய் மட்டும் குறையவில்லை. ஒரு மூட்டை விற்று அடைக்க வேண்டிய கடனுக்கு இரண்டு மூட்டை தேவைப்பட்டது.

இந்தச் சமயத்தில்தான் மஞ்சக் கடுதாசி என்று ஊரில் சொல்லும் திவால் மனு கிராமத்துக்குள் வந்தது.

திவால் என்பது அதுவரை பட்டணத்துச் சங்கதி. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தபோது பென்ஷன்காரர்களும் விதவைகளும் சிறுகச் சேர்த்தவர்களும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் சிறைத் தண்டனை. அடுத்த வருஷமே மொபசல் ஊர்களுக்கென்று மாகாணத் திவால் சட்டம் வந்தது. 1920-இல் அது புதிதாக எழுதப்பட்டது. இன்றைக்கும் கள்ளக்குறிச்சியில் ஒரு தனிமனிதர் ஐ.பி. போட வேண்டுமானால் அந்த 1920-ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டத்தின் கீழ்தான் போட வேண்டும். 500 ரூபாய்க்குக் குறையாத கடன் இருக்க வேண்டும், அல்லது கோர்ட் கொடுத்த டிகிரிக்காகக் கைதாகியிருக்க வேண்டும், அல்லது சொத்து ஜப்தியாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1920-இல் 500 ரூபாய் பெரிய பணம்.

குடியானவனை ஐ.பி.க்குத் தள்ளியது பெரும்பாலும் ஜெயில் பயம். டிகிரி வாங்கியவர் கேட்டால் கடன்பட்டவரை சிவில் ஜெயிலில் வைக்கலாம். 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி ஆறு மாதம் வரை. 1976 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம். உள்ளே இருக்கும் நாள்களுக்குச் சாப்பாட்டுப் படியை ஜெயிலுக்கு அனுப்பியவரே கட்ட வேண்டும். அமீனா ஒருவரைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தினால், ‘நீ திவால் மனுப் போடலாம்’ என்று அவரிடம் சொல்ல வேண்டியது கோர்ட்டின் கடமை. ஒரு மாதத்துக்குள் போடுகிறேன் என்று ஜாமீன் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். வேட்டியும் துண்டுமாக நிற்பவருக்கு அந்த நிமிஷத்தில் நிலமும் மானமும் ஞாபகத்துக்கு வராது, வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் வரும்.

மனுவோடு இரண்டு பட்டியல் தர வேண்டும். ஒன்றில் யார் யாருக்கு எவ்வளவு கடன், மற்றொன்றில் என்னென்ன சொத்து. திவால் என்று கோர்ட் அறிவித்ததும் சொத்தெல்லாம் அது நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். மூக்கணாங்கயிறு போல அதன் ஒரு நுனி கடைசிவரை அவர் கையில்தான். நிலத்தை விற்று எல்லாக் கடன்காரருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுப்பார். கையை வைக்கக் கூடாதவை சில உண்டு: சமைக்கிற பாத்திரம், கட்டுகிற துணி, விவசாயியின் ஏர் கலப்பை, உழவு மாடு, விதை தானியம், குடியிருக்கும் வீடு, பெண்ணின் கழுத்தில் இருக்கும் தாலி. இவையெல்லாம் சட்டத்தில் எழுத்தாகவே இருக்கின்றன. ஜப்திக்கு வரும் அமீனாவைப் பார்த்ததும் தாலியைக் கழற்றி நீட்டிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தொட அவருக்கு அதிகாரமில்லை என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

விடுவிப்பு தானாக வராது, அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும். சொத்தை விற்றதில் ரூபாய்க்கு எட்டணாவாவது கடன்காரருக்குச் சேரவில்லை என்றால், அது தன் குற்றத்தால் நேரவில்லை என்று காட்ட வேண்டும். மழை பொய்த்தது, விலை சரிந்தது என்று காட்டலாம். பலர் ஐ.பி. போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து விடுவிப்பு மனுவே போடாமல் இருந்துவிடுவார்கள். அப்போது திவால் உத்தரவு ரத்தாகும். ரத்தானால் திவாலாக இருந்த காலமெல்லாம் கெடுக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். செத்துவிட்டது என்று நினைத்த நோட்டு எழுந்து உட்காரும். இதைவிடப் பெரிய ஆபத்து அந்தக் கடன் பட்டியல். ‘இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் தாக்கல் செய்வது கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். கெடு முடியாத நோட்டுக்கு அதுவே புது ஆயுள் ஆகிவிடும். இதனால்தான் என் சீனியர் முதலில் பின்பக்கத்தைப் பார்த்தார்.

மஞ்சக் கடுதாசிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் கடைத்தெருக்காரர்கள். சரக்கை இரவோடிரவாக அப்புறப்படுத்திவிட்டு, வீட்டைப் பெண்டாட்டி பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, மறுமாதம் ஐ.பி. போட்டவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் எழுதிய அப்படிப்பட்ட பத்திரங்களை ரிசீவர் செல்லாததாக்க முடியும். இருந்தும் அந்தப் பழியெல்லாம் மழையில்லாமல் நொடித்த விவசாயி தலையில்தான் விழுந்தது. “மஞ்சக் கடுதாசி குடுத்தவன் வீடு” என்று சொன்னால் அந்த வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

1938-இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டு வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பலருக்கு ஐ.பி. போடும் யோசனையையே தேவையில்லாமல் ஆக்கியது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனாக இருந்தால், 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலாகவோ வட்டியாகவோ அசலைப்போல் இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 1925-இல் நூறு ரூபாய் வாங்கிப் பன்னிரண்டு வருஷத்தில் இருநூறு கட்டியவன், கோர்ட் வாசலில் இனிமேல் ஒரு காசும் தர வேண்டியதில்லை என்று கேட்டுவிட்டுப் போகலாம். சென்னை மாகாணத்துக் கோர்ட்டுகள் கைவிட்டிருந்த அந்தப் பழைய இரட்டிப்பு வரம்பு, ஏறக்குறைய அதே கணக்கில் சட்டமன்றத்தின் வழியாக மறுபடி வந்தது. முடிந்துபோன டிகிரிகளைக்கூடத் திருத்திக் குறைக்க வழி இருந்தது. நம் பக்கத்துச் சிறு விவசாயிக்காக எழுதப்பட்ட சட்டங்களில் இதைப்போல் நேராக அவன் கையில் போய்ச் சேர்ந்தது வேறு இல்லை என்பது என் எண்ணம். 1976-இல் தற்காலிக நிவாரணம், 1980-இல் வருஷ வருமானம் 4,800 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்குக் கடன் நிவாரணச் சட்டம் என்று பின்னால் வந்தவையும் அந்த வழியில்தான் வந்தன. கடன் கொடுத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. நான் வேலைக்கு வந்த காலத்தில் நோட்டுக்குப் பதிலாகச் சுத்தக் கிரயப் பத்திரமே எழுதி வாங்கிக்கொண்டு, ‘பணத்தைக் குடுத்துட்டு நெலத்தைத் திருப்பிக்கோ’ என்று வாயால் மட்டும் சொல்லும் வழக்கம் வேர்விட்டிருந்தது. அதற்கு எந்த நிவாரணச் சட்டமும் எட்டாது.

எண்பதுகளின் கடைசியில் தியாகதுருகம் பக்கத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். கிணறு ஆழப்படுத்திய வகையில் கடன், மகள் கல்யாண வகையில் கடன். நாலு நோட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், உரக்கடையில் பாக்கி. ஐ.பி. போட்டுவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தார்.

“எந்த நோட்டு எப்ப எழுதினது? வரவு வெச்சீங்களா?” என்று சீனியர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“ரெண்டுல ஒண்ணுமே வெக்கலைங்கையா. ஒண்ணுல போன தைப்பொங்கலுக்கு அம்பது ரூவா குடுத்தேன், எழுதிக்கிட்டாரு. இன்னொண்ணு அடுத்த ஆடியோட மூணு வருஷம்.”

அந்த விவசாயி எழுந்தபோது கணக்கு மாறியிருந்தது. சங்கக் கடனுக்குச் சங்கச் சட்டம் தனி, அது காத்திருப்பதால் போகாது. இரண்டு நோட்டு கெடு தாண்டிவிட்டது. உயிரோடு இருந்தது இரண்டுதான். அதற்காக நாலு ஏக்கரையும் ரிசீவர் கையில் கொடுப்பது வேண்டாம். அரை ஏக்கரை நல்ல விலைக்கு விற்று வரவு வைத்த நோட்டை முடித்துவிட்டு, மற்றதற்கு ஆடி வரை பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஆனி மாதம் ஊர்த் திருவிழாவில் அந்த ஆடி நோட்டுக்காரர் அவரைப் பார்த்திருக்கிறார். பத்துப் பேர் நடுவில், “உங்கப்பா வாய்ச்சொல்லு மாறாத மனுஷன், நீயும் அப்படித்தான்னு நெனைச்சேன்” என்றிருக்கிறார். இவர் மடியிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்து நோட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். தாவா வந்தது, டிகிரி ஆனது, தவணையில் கட்டி முடித்தார். எங்களிடம் வந்து அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

சட்டம் ஏழைக் கடனாளியை விட்டுவிட எப்போதும் கொஞ்சம் தயாராகவே இருந்திருக்கிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன். 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கட்ட வழியில்லாத, வஞ்சக எண்ணமில்லாத ஒருவரைக் கடனுக்காக மட்டும் ஜெயிலில் தள்ளக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். ஆனால் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஜெயிலைவிடத் திருவிழாக் கூட்டம்தான் பெரிய பயம்.

மலைக்குப் போனால் கதையே வேறு. கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தாரர்களிடம் இருந்தது. 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தும் வழக்குகளில் இழுபட்டு 1976-இல்தான் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானே எடுத்துக்கொண்ட வழக்கில் இந்தப் பழங்கதையெல்லாம் மறுபடி பேசப்பட்டது. உழுதவர் பேரில் பட்டா இல்லாத நிலத்தை எந்த அமீனா ஜப்தி செய்வார்? அதனால் மலைக்காரருக்குக் கடன் கொடுத்தவர்கள் நோட்டைவிட ஆளின் உழைப்பையும் விளைச்சலையுமே நம்பினார்கள். புளி, கடுக்காய், சாமை, தேன் என்று இறங்கி வரும்; பழைய பாக்கியில் கழித்துக்கொள்வார்கள்; பாக்கி எவ்வளவு என்பது கொடுத்தவர் கணக்கில் இருக்கும். 1975 அக்டோபர் 25 முதல் அமலாகும்படி வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் உழைப்பைப் பிணையாக வைத்த கடன் முழுவதையும் ஒரே பிரிவில் இல்லாமல் ஆக்கியது. மனுவும் வேண்டாம், கெடுவும் வேண்டாம், கடன் அணைந்தது. ஒரு நாட்டின் சட்டம் கடனைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பேச முடியாது. அது வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் யார் வாயால் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது. மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கேரளத்துக்கு மிளகு பறிக்கவும் குடகுக்குக் காப்பி எடுக்கவும் கீழ்நாட்டுக்குக் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு இறங்குவது இன்றைக்கும் நிற்கவில்லை.

2016-இல் வந்த புதிய திவால் சட்டம் கம்பெனிகளுக்கு வேகமாக நடக்கிறது. திரு ஆரூரான் சர்க்கரை ஆலை அந்தச் சட்டத்தின் கீழ் வேறு கைக்கு மாறிய பின், தங்களுக்கு வர வேண்டிய கரும்புப் பாக்கியைக் கேட்டும், தங்கள் பேரில் ஆலை வாங்கிய வங்கிக் கடனைத் தீர்க்கச் சொல்லியும் திருமண்டங்குடியில் விவசாயிகள் 2022-இலிருந்து பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கம்பெனி நொடித்தால் விடுதலை ஒரு பக்கம், கடன் இன்னொரு பக்கம் என்று பிரிந்து போவதை நம் அக்கம்பக்கத்துக் கரும்புக்காரர்கள் அங்கே கண்ணால் கண்டார்கள். அதே சட்டத்தில் ஏழைகளுக்கென்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள் இருந்து சொந்த வீடும் இல்லாதவர், ஒரு மனுவில் புதிதாக வாழத் தொடங்கலாம். எழுதி இத்தனை வருஷமாகியும் அது அமலுக்கு வரவில்லை. வாரத் தவணைக் குழுக் கடன் வாங்கிய பெண்களின் வீட்டு வாசலில் வசூல்காரர்கள் ராத்திரி வரை உட்காருவதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. அது வேண்டியதுதான். ஆனால் அந்த அத்தியாயம் உயிர் பெற்றால் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எத்தனை குடும்பம் நிமிரும் என்று டெல்லியில் இருப்பவர்கள் ஒரு தரம் வந்து பார்க்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆள்கள் வருகிறார்கள். மலையிலிருந்து வந்த ஒருவர் தன் அப்பா காலத்துக் கடனுக்கு ஐ.பி. போட முடியுமா என்று கேட்டார். அப்பா கைநாட்டு வைத்த நோட்டின் ஜெராக்ஸ் வைத்திருந்தார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. தேதி போய்ப் பத்து வருஷத்துக்கும் மேல். ஐ.பி.யும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எந்தக் கோர்ட்டும் உங்களைக் கேட்க முடியாது, புதிதாக எதிலும் கையெழுத்து மட்டும் போடாதீர்கள், செத்த கடனுக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லும் என்று இரண்டு முறை விளக்கினேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்போ கோர்ட்டு கேக்காதுங்க. அவுரு கேப்பாருங்களே, ஐயா. சந்தைக்குப் போனா அவுரு கடையத் தாண்டித்தானுங்க போகணும்.”

அந்தத் தையில் முன்பணம் வாங்கிக்கொண்டு பெண்சாதியோடு மிளகு பறிக்கப் போனார். திரும்பி வந்ததும் அசலையும் கடைக்காரர் கேட்ட வட்டியில் பாதியையும் கொடுத்து நோட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டார் என்று அவர் தம்பி வந்து சொன்னார். வாங்கிய முன்பணத்தில் இன்னும் பாக்கி இருப்பதால் அடுத்த பருவத்துக்கும் போக வேண்டுமாம்.